ஷூவுக்குள் இருந்த ஆட்கள்

தரகன் பொய் சொன்னான் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அப்படியிருந்தும் ஒரு வருடம் எங்கள் அத்தனை பேரையும் முட்டாளாக்கி வைத்திருந்தான்.

தரகன் என்றால் ஆள் இல்லை. எங்கள் ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் மீட்டிங் மேஜைமேல் உட்கார்ந்திருக்கும் மொழிபெயர்ப்புப் பெட்டி. டிஃபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். நாங்கள் தமிழில் பேசினால் போர்ச்சுகலில் எங்கள் ஷூவை வாங்கும் கம்பெனிக்கு, அதாவது பையருக்கு, அவர்கள் பாஷையில் கேட்கும். அவர்கள் பேசினால் காதில் மாட்டும் சின்ன மணி வழியாக எங்களுக்குத் தமிழில் கேட்கும். ஒப்பந்த மொழி இங்கிலீஷ் என்பதால் நடுவில் எல்லாம் இங்கிலீஷில் பதிவாகும். தோல் வியாபாரத்தில் தரகர் இல்லாமல் ஒரு துண்டுத் தோல்கூடக் கைமாறாது, அதனால் பெட்டிக்கும் அதே பெயரை வைத்துவிட்டோம்.

இந்தப் பெட்டிகள் வந்து முப்பது வருடம் ஆகிறது. வந்த பிறகு உலகத்தில் யாரும் அடுத்தவர் பாஷையைப் படிப்பதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் ஏழாவது படிக்கும்போது இங்கிலீஷ் வகுப்பை எடுத்துவிட்டு அந்த நேரத்துக்கு கோ-கோ விளையாட விட்டார்கள். நாங்கள் கைதட்டி வரவேற்றோம். எழுத்துக் கூட்டத் தெரியும், அதோடு என் இங்கிலீஷ் முடிந்தது.

என் பெயர் தன்ஷிகா. நான் பிறந்த வருடத்தில் தெருவுக்கு நாலு தன்ஷிகா. வயது நாற்பத்திரண்டு. வேலை பேஸ்டிங் டேபிளில்: ஷூவின் மேல்தோலில் பசை தடவி அடிப்பாகத்தோடு ஒட்டுவது. பசை என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை, சொல்யூஷன் என்போம். இதற்கும் ரோபோ வைத்துப் பார்த்தார்கள். ஒரு தோல் மாதிரி இன்னொரு தோல் இருக்காது, ரோபோவுக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை. திரும்ப எங்கள் கையைத் தேடித்தான் வந்தார்கள். அந்தக் கர்வம் எங்கள் அறுபது பேருக்கும் கொஞ்சம் உண்டு.

போன வருடம் பையர் புது சொல்யூஷன் அனுப்பினார்கள். பச்சை டின். மூன்று நொடியில் பிடிக்கும், பத்து வருடம் விடாது. கையுறை போட்டால் அதையும் சேர்த்து ஒட்டிவிடும், அதனால் வெறும் விரல்தான். மூன்றாவது மாதம் பக்கத்து டேபிள் ரிஃபானாவுக்கு விரல் நுனி மரத்துப்போக ஆரம்பித்தது. நானும் அவளும் இருபது வருடமாகப் பக்கத்து டேபிள். ஒருநாள் காலையில் வீட்டில் சப்பாத்திக் கல்லில் அவள் விரல் பட்டிருக்கிறது, தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வலது கட்டைவிரலும் போய்க்கொண்டிருந்தது. கட்டிங் கத்தி பட்டுக் குறுக்கே தழும்பு விழுந்த விரல் அது. அந்தத் தழும்பைத் தடவிப் பார்ப்பது என் பழக்கம். இப்போது தடவினால் வேறு யாருடைய விரலையோ தடவுவது போல இருந்தது. பயமாக இருந்தது, ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டரிடம் போனவர்களுக்கு வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். சூப்பர்வைசர் ரித்விக் சாரிடம் போனோம்.

"அது பையர் குடுத்த சொல்யூஷன்மா. ஒப்பந்தத்துல எழுதியிருக்குது. அவங்க மாத்தச் சொன்னாத்தான் மாத்த முடியும். நானும் மாசாமாசம் மீட்டிங்ல சொல்லிகினுதான் இருக்கேன், நீயும்தான் கூட உக்காந்திருக்கியே."

உண்மைதான். தொழிலாளர் சார்பில் ஒருத்தி மீட்டிங்கில் உட்கார வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு, அந்த ஒருத்தி நான்தான். பையர் பக்கத்தில் ஷூவைச் செக் பண்ணும் இனெஸ் என்று ஓர் அம்மா. நாங்கள் அவளைப் பார்த்ததில்லை, அவளும் எங்களைப் பார்த்ததில்லை. மேஜையில் ஒரே ஒரு கேமரா, அது சாம்பிள் ஷூவைத்தான் பார்க்கும். எங்கள் கை மரத்துப்போவதைச் சார் சொல்வார். அந்த அம்மாவின் பதிலைத் தரகன் தமிழில் சொல்வான்: "ஃபினிஷிங்கில் கவனம் தேவை. தங்கள் தரப்பில் எல்லாம் திருப்தியாக நடைபெறுகிறதா?"

கை போகிறது என்று சொன்னால் ஃபினிஷிங் என்கிறாளே! மறு வாரம் மேலிடத்திலிருந்து சாருக்குத் திட்டு விழும், சாரிடமிருந்து எங்களுக்கு. ஷூவில் சொல்யூஷன் கறை தெரிகிறதாம். ரிஃபானா அந்த அம்மாவுக்குக் கல்நெஞ்சுக்காரி என்று பெயர் வைத்தாள். அதைவிட நல்ல பெயர் எனக்கும் தோன்றவில்லை.

இந்த நேரத்தில்தான் காகிதம் வந்தது. பேக் பண்ணுவதற்கு முன்னால் ஷூவின் மூக்கு அமுங்காமல் இருக்க உள்ளே கசங்கிய காகிதம் திணிப்போம். யாரும் படிக்காத பழைய புத்தகங்களைக் கட்டுக் கட்டாக இதற்கு அனுப்புவார்கள். அன்று என் கையில் வந்தது ஓர் இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தின் நாலு தாள். பக்கத்திலேயே தமிழ் விளக்கம் போட்டிருந்தது. மேலே 'பிரதிப் பெயர்கள்' என்று தலைப்பு. நான், நீ, அவன், அவள், நாங்கள், அவர்கள் என்பதற்கெல்லாம் இங்கிலீஷில் என்ன என்கிற ஒரே ஒரு பாடம். முன்னாலும் பின்னாலும் இருந்த பாடங்கள் வேறு எந்த ஷூவுக்குள் போய் எந்த நாட்டில் இறங்கினவோ தெரியாது.

எதற்கு அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ரிஃபானாவிடம் காட்டினேன்.

"இன்னாடி இது, இருவது வார்த்தைகூட இல்ல. இத வெச்சிகினு இன்னா பேசுவே?" என்றாள்.

"மீதி எல்லாம் நமக்குத் தெரியுமே."

"எங்கேர்ந்து தெரியும்?"

"கட்டிங், பேஸ்ட், செக், பாஸ், ரிஜெக்ட், டேமேஜ், ரிப்பேர், சைஸ். காலைலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் இன்னா பேசறோம்?"

அவள் வாயில் வைத்த சோறோடு அப்படியே நின்றாள். எனக்கும் சொன்ன பிறகுதான் உறைத்தது. இங்கிலீஷ்காரன் சாமான்களையெல்லாம் நம்மிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறான், ஆட்களை மட்டும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். நமக்கு பஸ் உண்டு, லாரி உண்டு, ஆபீஸ் உண்டு. அதில் ஏறி இறங்குகிற நானும் நீயும்தான் அந்த பாஷையில் கிடையாது.

படிக்க ஆரம்பித்தோம். பாடத்துக்கு ஷூதான் சாமான். நாற்பத்திரண்டாம் சைஸைத் தூக்கினால் ஹிஸ். முப்பத்தேழு என்றால் ஹர். குழந்தை ஷூவைத் தூக்கி நான் 'இட்ஸ்' என்றதும் ரிஃபானாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"புள்ளையப் போய் அதுன்னுவியா?"

"நாமளும்தான கொழந்த அழுவுதுங்கறோம், அழுவுறான்னா சொல்றோம்?"

ரித்விக் சாரைக் காட்டச் சொன்னாள். "தே" என்றேன்.

"பேப்பரப் பாரு. ஒரே ஆளுன்னா ஹி தான் போட்டுகீது."

"சாருடி அவரு! ஹின்னா அவன்னு ஆயிடும்."

"அவங்க ஊர்ல எல்லாரும் அவன்தான். நீ இன்னா பண்ணுவே?"

எல்லாவற்றையும்விட யூதான் எனக்கு வாயில் வரவில்லை. கலெக்டருக்கும் யூ, கழுதைக்கும் யூ. முகத்தைப் பார்த்து விரல் நீட்டுவது போல இருந்தது. இருபது வருடத்தில் மேலே இருக்கிற ஒருவரிடமாவது நான் 'நீங்க' என்று ஆரம்பித்துப் பேசியிருக்கிறேனா? 'கம்பெனில சொல்றாங்க', 'மேனேஜ்மென்ட்ல பாத்துப்பாங்க' என்றுதான் பழக்கம். இன்னொரு சொல்லும் தகராறு செய்தது. 'மைன்'. என்னுடையது. ஹிஸ், ஹர்ஸ், யுவர்ஸ் எல்லாவற்றுக்கும் டேபிள் நிறைய உதாரணம் இருந்தது. மைனுக்குக் காட்ட அந்த ஃபேக்டரியில் ஒரு சாமான்கூடக் கிடைக்கவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

அந்த வாரம் தரகனைச் சர்வீஸ் பண்ண இளம்பரிதி வந்தார். அரை வருடத்துக்கு ஒருமுறை வந்து பெட்டியைப் பிரித்துத் துடைத்து, பதிவானதையெல்லாம் அச்செடுத்துக் கையெழுத்து வாங்கிப் போவார். நானும் கையெழுத்துப் போட வேண்டும், அன்று துணைக்கு ரிஃபானாவும் வந்தாள். வழக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். அன்று புதிதாகப் படித்த திமிர், தாள்களைப் புரட்டினேன். எங்கள் பேச்சு இருபத்திரண்டு பக்கம். அதில் எனக்குத் தெரிந்த சொற்களைத் தேடினேன். ஐ இல்லை. வி இல்லை. மை இல்லை, 'எங்கள்' என்கிற அவர் இல்லை. இருபத்திரண்டு பக்கத்தில் ஓர் ஆள்கூட இல்லை.

"தம்பி, இதுல நாங்க எங்க?" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "அதுல மரியாதை அடுக்குன்னு ஒண்ணு இருக்குதுக்கா. யாரு யாரை என்ன பண்ணாங்கன்னு வந்தா சண்டை வரும், வியாபாரம் கெடும். அதனால ஆளை எடுத்துட்டு விஷயத்தை மட்டும் அனுப்பும்."

"எங்க கை மரத்துப்போவுதுன்னு சொன்னா?"

அவர் ஒரு தாளைப் போனில் காட்டி, அது தந்த தமிழைப் படித்தார். "'புதிய பொருளுக்குப் பழக்கம் ஏற்படச் சிறிது காலம் தேவைப்படுகிறது.' பொய் இல்லையேக்கா."

தாள்களை மேஜைமேல் போட்டேன். "எந்தப் படுபாவி அதுக்கு இப்டிச் சொல்லிக் குடுத்தான்?"

"கோவிச்சுக்காதீங்க. நீங்கதான்."

"நானா?"

"நீங்க, சாரு, உங்களுக்கு முன்னாடி உக்காந்தவங்க. பத்து வருஷ மீட்டிங் பேச்சைக் கேட்டுத்தான் அது மரியாதை கத்துக்கிச்சு. யாராவது ஒருத்தர், 'நீங்க அனுப்பினது எங்களுக்கு ஆகலை'ன்னு சொல்லியிருக்கீங்களா? 'கொஞ்சம் பாத்துப் பண்ணா நல்லாருக்கும்', 'ஆயிடுச்சு', 'சொல்றாங்க'. இதத்தானே அது கேட்டுச்சு?"

போன மாத மீட்டிங்கில் நான் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. 'விரல் லேசா மரத்துப்போற மாதிரி இருக்குதுன்னு சொல்றாங்க.' சொல்றாங்களாம்! என் கட்டைவிரலைப் பற்றி நானே சொன்னது அது. வெட்கமாகப் போய்விட்டது.

"இதுக்கு வழியே இல்லையா தம்பி?"

"ஒண்ணு இருக்கு. ஒப்பந்த மொழில ஒருத்தர் நேரா பேசினா பெட்டி அதைத் தொடக்கூடாது. அப்படியே அந்தப் பக்கம் போகணும், அப்படியே பதிவாகணும்னு சட்டம். ஆனா இங்கிலீஷ் யாருக்கு வரும்? அந்த வழி இருக்கறதே எல்லாருக்கும் மறந்துபோச்சு."

நான் ரிஃபானாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கட்டுப்போட்ட விரலோடு பாடக் காகிதத்தை என் கையில் திணித்தாள்.

அடுத்த மீட்டிங்குக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அந்தப் பதினெட்டு நாளும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அந்த அம்மா கோபித்துக்கொண்டு ஆர்டரை வேறு ஊருக்குத் தூக்கிக் கொடுத்தால் அறுபது பேர் வீட்டில் உட்கார வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் அறுபது பேருக்கும் கை போய்விடும். பேஸ்டிங் டேபிளில் எல்லோரையும் கேட்டேன். பேசு என்றார்கள். சும்மா இருக்காமல் இருபது வார்த்தையை அவர்களும் கற்றுக்கொண்டார்கள். கன்வேயரில் ஷூ நகர நகர, "ஹிஸ், ஹர்ஸ், ஹிஸ், ஹிஸ்" என்று ஒரே முணுமுணுப்பு. ரித்விக் சார் ஏதோ புது பஜனை என்று நினைத்துக்கொண்டார்.

மீட்டிங் நாள். சார் வழக்கம்போல ஆரம்பித்தார். தரகன் வழக்கம்போலக் கேட்டான்: "ஃபினிஷிங்கில் கவனம் தேவை. தங்கள் தரப்பில் எல்லாம் திருப்தியாக நடைபெறுகிறதா?"

நான் காதிலிருந்த மணியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். எழுந்து நின்றேன்.

"மேடம்," என்றேன். "நோ."

சார் திரும்பிப் பார்த்தார்.

"ஐ பேஸ்ட் ஷூ. ஷி பேஸ்ட் ஷூ. வி பேஸ்ட் யுவர் ஷூ. கிரீன் டின் சொல்யூஷன், யுவர் சொல்யூஷன். மை ஃபிங்கர் டேமேஜ். ஹர் ஃபிங்கர் டேமேஜ். அவர் ஹேண்ட், ஆல், டேமேஜ்."

பெட்டியில் எப்போதும் எரியும் பச்சை விளக்கு அணைந்து மஞ்சள் எரிந்தது. நான் அதுவரை அந்த விளக்கைப் பார்த்ததே இல்லை. தரகனுக்கு வேலை இல்லை என்று அர்த்தம்.

"ஹி டெல் யூ," என்று சாரைக் காட்டினேன். என்னை மன்னிக்க வேண்டும், விரலை நீட்டித்தான் காட்டினேன். "எவ்ரி மீட்டிங் ஹி டெல் யூ. பாக்ஸ் கட் அஸ்."

இனி யூ. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் முகம் எங்கே இருக்கும் என்று தெரியாததால் கேமராவைப் பார்த்தே சொன்னேன்.

"யூ செக் ஷூ. யூ செக், செக், செக். மேடம், யூ நோ செக் அஸ்."

முடிந்தது. அதற்கு மேல் என்னிடம் இங்கிலீஷ் இல்லை.

சார் முகம் வெளுத்துப்போயிருந்தது. போச்சு, அறுபது பேரின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம் பெட்டியிலிருந்து ஒரு குரல் வந்தது. தரகனின் வழவழப்பான குரல் இல்லை. வயதான பெண்குரல், கரகரவென்று, தடுமாறித் தடுமாறி வந்த இங்கிலீஷ். இங்கிலீஷை எடுப்பதற்கு முன்னால் பள்ளியில் படித்த கடைசிக் கூட்டத்தில் அவள் ஒருத்தி என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

"வி?" என்றாள். "ஹவ் மெனி... வி?"

நான் கண்ணாடிக் கதவைத் திறந்தேன். வெளியே கன்வேயரை நிறுத்திவிட்டு அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். ரிஃபானாதான் முதலில் வந்தாள். சாம்பிள் ஷூவை ஒதுக்கிவிட்டு, கேமராவுக்கு அடியில் தன் கையை விரித்து வைத்தாள்.

"மை ஹேண்ட்," என்றாள்.

அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். "மை ஹேண்ட்." "மை ஹேண்ட்." சிலருக்கு ஹேண்ட் வரவில்லை, மை என்று சொல்லிக் கையை வைத்தார்கள். அறுபது பேர் முடிய இருபது நிமிடம் ஆனது. அந்த அம்மா ஒருத்தியைக்கூட அவசரப்படுத்தவில்லை. கடைசியில், யாரும் எதிர்பார்க்கவில்லை, ரித்விக் சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். டின் திறந்து அளந்து ஊற்றுவது அவர்தானே. அவர் விரலும் போயிருக்கிறது, எங்களிடம் வாயே திறக்கவில்லை மனிதர்.

"மை ஹேண்ட், மேடம்," என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று மத்தியானமே பச்சை டின்னை நிறுத்தச் சொல்லி எழுத்தில் வந்தது. பழைய சொல்யூஷனே போதும், ஷூ மெதுவாக வரட்டும் என்று. எங்கள் அறுபத்தொரு பேருக்கும் வைத்தியம் பார்க்க நரம்பு டாக்டர் வேலூரிலிருந்து வாரம் ஒருமுறை வந்தார். நரம்பு மெல்லத்தான் துளிர்க்கும், ஆனால் துளிர்க்கும் என்றார். நாலாவது மாதம் ரிஃபானா சப்பாத்திக் கல்லில் சுட்டுக்கொண்டு வீடே அதிரக் கத்தினாள். ஃபேக்டரிக்கு வந்து எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தாள். தரகனிலிருந்து மரியாதை அடுக்கைக் கழற்றிய அன்று இளம்பரிதிக்கு நான் என் கையால் பிரியாணி போட்டேன்.

ஐந்தாவது மாதம் இனெஸ் அம்மா நேரில் வந்தாள். ஒல்லியாக, நரைத்த தலையோடு, என்னைவிடக் குள்ளமாக இருந்தாள். கல்நெஞ்சுக்காரி என்று பெயர் வைத்த ரிஃபானா என் பின்னால் போய் நின்றுகொண்டாள். அந்த அம்மா மணியைக் காதில் மாட்டவில்லை. பையிலிருந்து முப்பத்தேழாம் சைஸ் ஷூ ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்குத்தோலைப் புரட்டிக் காட்டினாள். உள்பக்கம் சொல்யூஷனில் பதிந்த ஒரு கட்டைவிரல் ரேகை. உணர்ச்சி இல்லாத விரல் அது, தன்மேல் சொல்யூஷன் ஈரம் இருப்பதே தெரியாமல் தொட்டிருக்கிறது.

"எவ்ரி மீட்டிங் ஐ ஆஸ்க்," என்றாள். "எவ்ரி மந்த். 'ஹூஸ் ஃபிங்கர்? இஸ் ஷி ஓகே?' ஐ ஆஸ்க் யூ. ட்வெல்வ் மந்த்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. இது யாருடைய விரல், அவளுக்கு என்ன ஆயிற்று? பன்னிரண்டு மாதமாக அவள் கேட்டது இதுதான். ஆளை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் தந்திருக்கிறான் தரகன். ஃபினிஷிங்கில் கவனம் தேவை.

அவள் ஷூவை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினாள்.

"ஹூஸ்?" என்றாள்.

நான் குனிந்து பார்த்தேன். ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு ஓடியது. கத்தித் தழும்பு. என் வலது கட்டைவிரலை மெதுவாக அதன்மேல் வைத்தேன். தழும்புமேல் தழும்பு அப்படியே உட்கார்ந்தது. காய்ந்த சொல்யூஷனின் விளிம்பு விரல் நுனியில் சொரசொரவென்று தட்டுப்பட்டது. ஆமாம், விரலுக்குத் தெரிந்தது.

"மைன்," என்றேன்.